காச நோய்க்கு ஏன் ஆறு மாத மருந்து?

மாணவர்களே! உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் மூன்று நாளுக்கோ ஐந்து நாளுக்கோ மருந்து எழுதித் தருகிறார். ஆனால் காச நோய் வந்தவர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், நுண்ணுயிரியல், கணக்கு, சமூகம் மூன்றும் ஓரிடத்தில் சந்திப்பதைக் காணலாம்.

ஒருவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார் எனக் கொள்வோம். மூன்று வாரமாக இருமல், மாலையில் இலேசான காய்ச்சல், உடல் இளைக்கிறது. சளியைப் பரிசோதித்தார்கள், காச நோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைத்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது, எடை கூடியது. "நோய்தான் போய்விட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்து இருமல் திரும்பி வந்தது. இம்முறை பழைய மருந்து வேலை செய்யாமலும் போகலாம். உலகெங்கும் டாக்டர்களைத் திணற வைக்கும் சிக்கல் இதுதான்.

மெதுவாக வளரும் எதிரி

காச நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். ஆண்டுதோறும் அந்த நாளையே உலகக் காச நோய் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இந்தக் கிருமிக்கு இரண்டு விசேஷ குணங்கள் உண்டு. முதலாவது, அதன் மேலுறை மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. பல மருந்துகள் அதனுள் எளிதில் நுழைய முடிவதில்லை. இரண்டாவது, அது மிக மெதுவாகப் பெருகுகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். காச நோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ஒரு கிருமி 12 முறை இரட்டித்தால் 4,096 ஆகும். ஈ.கோலை இந்த எண்ணிக்கையை 4 மணி நேரத்தில் எட்டிவிடும். காச நோய்க் கிருமி எட்டுவதற்கு 10 நாள் ஆகும்.

மெதுவாக வளர்வது நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். இல்லை! பல மருந்துகள் கிருமி வளர்ந்து பிரியும்போதுதான் அதைத் தாக்குகின்றன. உதாரணமாக, ஐசோநியசிட் என்னும் மருந்து கிருமி தன் மேலுறையைக் கட்டும் வேலையைத் தடுக்கிறது. உறை கட்டாமல் உறங்கிக் கிடக்கும் கிருமியை அது என்ன செய்யும்? முதல் சில வாரங்களில் சுறுசுறுப்பான கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. அதனால்தான் நோயாளிக்கு உடம்பு தேறுகிறது. ஆனால் உறங்கும் கிருமிகள் நுரையீரலில் எஞ்சியிருக்கின்றன. அவை விழிக்கும் வரை மருந்து காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் என்பது அந்தக் காத்திருப்பின் கணக்கு. முற்காலத்தில் ஓராண்டுக்கும் மேல் மருந்து சாப்பிட்டார்கள். ரிபாம்பிசின், பைரசினமைடு என்னும் மருந்துகள் சேர்ந்த பிறகே ஆறு மாதமாகக் குறைந்தது.

ஒரு மருந்து போதாதா?

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டனில் 107 நோயாளிகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். 55 பேருக்கு அந்த மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தனர். மற்றவர்களில் 35 பேர். வெற்றி ஏறக்குறைய கரைந்துபோயிருந்தது. காரணம், கிருமிகள் அந்த மருந்துக்குப் பணியாத வகையாக மாறியிருந்தன.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் தோராயமானவை. நோயாளியின் நுரையீரலில் உள்ள ஒரு பொந்தில் 10 கோடிக் கிருமிகள் இருப்பதாகக் கொள்க. தற்செயலான மாற்றத்தால், 10 லட்சம் கிருமிகளில் ஒன்று ஐசோநியசிட்டுக்குப் பணியாததாக இருக்கும். அப்படியானால் மருந்து கொடுப்பதற்கு முன்பே அங்கே 100 கிருமிகள் அதை எதிர்த்து நிற்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாக, இந்த 100 கிருமிகள் போட்டியின்றிப் பெருகும். ரிபாம்பிசினுக்குப் பணியாத கிருமி 10 கோடியில் ஒன்று. இரண்டு மருந்துக்கும் பணியாத கிருமி எத்தனையில் ஒன்று? இரண்டு எண்களையும் பெருக்குங்கள்: கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமிகள் ஒரு மனிதர் உடலில் இருப்பதில்லை. ஆகவே மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் தப்பிக்க வழியில்லை. இந்தியாவில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் தருகிறார்கள்.

இப்போது நமது பட்டறைத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவர் மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டாலோ, ஏதோ ஒன்றை மட்டும் சாப்பிட்டாலோ, எதிர்ப்புள்ள கிருமிகளை அவரே தேர்ந்தெடுத்து வளர்க்கிறார். அவர் இருமும்போது அவை மற்றவர்களுக்கும் பரவும்.

சென்னை கற்பித்த பாடம்

1950களில், காச நோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு தந்துதான் குணப்படுத்த முடியும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். ஆனால் இந்தியாவில் படுக்கைகள் மிகக் குறைவு, நோயாளிகளோ ஏராளம். 1956இல் சென்னையில் இதற்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. (இன்று அது சேத்துப்பட்டில் தேசியக் காச நோய் ஆராய்ச்சி நிறுவனமாக உள்ளது.) 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு.

1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 92 சதவீதம் பேரிடம் நோய் அடங்கியது; வீட்டில் 86 சதவீதம். வித்தியாசம் சிறியதே! வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசமாக இருந்தும், குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆனால் இதில் மறைந்திருந்த பாடம் ஒன்றுண்டு. வீட்டில் மருந்து சாப்பிடுவோரை ஊழியர்கள் தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்து கொடுத்தால் போதாது, சாப்பிடத் துணை நிற்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

இன்றைய சவால்கள்

2023இல் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் காச நோய்க்கு ஆளாயினர். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். மருந்து இருந்தும் ஏன் இந்நிலை?

முதலாவது, எதிர்ப்புள்ள கிருமியை உடனே அடையாளம் காண வேண்டும். கிருமியை வளர்த்துச் சோதிக்கும் பழைய முறைக்குப் பல வாரங்கள் ஆகும். கிருமியின் மரபணுவையே தேடும் கருவி இன்று சுமார் இரண்டு மணி நேரத்தில் நோயையும் ரிபாம்பிசின் எதிர்ப்பையும் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, எதிர்ப்புள்ள நோய்க்குச் சிகிச்சை. முன்பு இதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பிடிக்கும். ஊசி மருந்தால் சிலருக்குக் காது கேட்காமலே போயிற்று. பெடாகுவிலின் முதலான நான்கு மாத்திரை மருந்துகளைக் கொண்ட ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்தியா 2024இல் அதை ஏற்றது.

மூன்றாவது, பசி. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வொன்றில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காச நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளின் உணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று.

நான்காவது, முதல் வாரங்களில் நேரும் மரணம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய திட்டத்தின்படி, நோய் தெரிந்த உடனே மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: எடை மிகக் குறைவா? மூச்சு வேகமாகவோ, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாகவோ உள்ளதா? பிடிக்காமல் நிற்க முடிகிறதா? ஆபத்துள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எடைக் கணக்கை நீங்களே போடலாம். எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை 14க்குக் கீழே போனால் மிக ஆபத்து. 1.6 மீட்டர் உயரமுள்ளவருக்கு அது சுமார் 36 கிலோ. இதற்குத் தேவை ஓர் எடைக் கருவியும் ஓர் அளவு நாடாவுமே!

ஐந்தாவது, நாம்தான். வேலை போய்விடுமோ, திருமணம் நின்றுவிடுமோ, அக்கம் பக்கத்தார் ஒதுக்குவார்களோ என்ற பயத்தில் பலர் நோயை மறைக்கிறார்கள். மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட முயன்று, கடைசியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவரை ஒதுக்கி வைக்க விஞ்ஞானத்தில் இடமில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சளிப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுபவர் "உடம்பு தேறிவிட்டது" என்று நிறுத்தப் பார்த்தால், உறங்கும் கிருமியின் கதையையும், கோடி கோடிக் கணக்கையும் அவருக்குச் சொல்லுங்கள். மருந்தால் வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, தானே நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். ரிபாம்பிசின் சாப்பிடுபவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறாவது மாதத்தின் கடைசி மாத்திரையையும் அவர் விழுங்கும் வரை பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம் அல்லவா?