சர்வகலாசாலையும் சமயத் துணையும்

கல்விக்கூடத்தினுள்ளே சமயத்துக்கு எத்தகைய இடம் அளித்தல் வேண்டும் என்னும் வினா மேனாட்டுச் சர்வகலாசாலைகளை நெடுங்காலம் வருத்தியது. முற்காலத்தில் ஒக்ஸ்போட்டிலே கற்கப் புகுவோர் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளை ஏற்றுக் கையொப்பமிடல் வேண்டும். கேம்பிரிட்ஜிலே பட்டம் பெறுங்கால் சமயச் சோதனை குறுக்கிட்டது. இதற்கு மாறாக, 1826ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பெற்று, பின்னர் யூனிவேசிற்றிக் கல்லூரி எனப் பெயர்பெற்ற நிலையம் மாணவரின் சமயத்தை வினவாதே சேர்த்துக்கொண்டது. 1871இல் இயற்றப்பெற்ற சட்டம் பழைய சர்வகலாசாலைகளிலும், இறையியல் ஒழிந்த பட்டங்களுக்கு அச்சோதனையை நீக்கியது.

எனினும், வாயிலைத் திறந்துவிடுதல் மாத்திரம் போதாது. உட்புகுந்த மாணவன் எங்கே வழிபடுவான்? துயருற்றபோது யாரிடம் செல்வான்? இதற்கு ஒரு விடையை அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பிராண்டைஸ் சர்வகலாசாலையிற் காணலாம். யூத சமூகத்தாரின் ஆதரவில் 1948இல் தோன்றிய அந்நிலையம், யூதர், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் ஆகிய முத்திறத்தார்க்கும் மூன்று வழிபாட்டிடங்களை 1955இல் ஒரு குளத்தைச் சார்ந்து அமைத்தது. ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழாதவாறு அவை எழுப்பப்பெற்றன.

பிற்காலத்தில் இஸ்லாமியரும் இந்துக்களும் பௌத்தரும் சமயம் சாராதோரும் மேனாட்டுச் சர்வகலாசாலைகளிற் பெருகவே, பொது வழிபாட்டறைகளும், பல சமயங்களைச் சார்ந்த ஆன்ம குருமார் கூடிப் பணிபுரியும் முறையும் தோன்றின. இவர்தம் தலையாய பணி செவிசாய்த்தலாகும். தேர்வு நெருங்கும் வேளையிலே தந்தை இறந்த செய்தி கேட்ட ஓர் இந்து மாணவனை எண்ணுக. விடுமுறை வழங்க அலுவலகம் உண்டு. ஆயின் 31ஆம் நாட் கிரியை அவனுக்கு எத்தகைய கடன் என்பதை அவ்வலுவலகத்துக்கு எடுத்துரைப்பார் வேண்டும். நோன்பிருக்கும் இஸ்லாமியனின் உணவு வேளையும், ஓய்வுநாளிலே தேர்வெழுத இயலாத யூதனின் இடரும் அத்தகையனவே.

இப்பணிக்கு எல்லைகளும் உள. துயரால் நெகிழ்ந்த உள்ளத்தை மதமாற்றத்துக்கு வாய்ப்பாகக் கொள்ளுதல் அடாது. நம்பிக் கூறியதைப் பிறரறியாது காத்தல் வேண்டும். உளநோய் எனக் கண்டவிடத்து மருத்துவரிடம் ஆற்றுப்படுத்தல் வேண்டும்.

பகுத்தறிவை வளர்க்கும் இடத்திலே சமயத்துக்கு என்ன வேலை எனச் சிலர் வினவுவர். முன்னாளிற் சமயம் வாயிலில் நின்று மாணவனைத் தடுத்தது. இன்று அஃது உள்ளே நின்று, நாடி வந்தவனுக்கு மாத்திரம் உதவ முயல்கின்றது. நூற்றுவருள் ஒருவனாய்த் தனித்து நிற்கும் மாணவனுக்கும் அவ்வுதவி கிட்டுகின்றதா என்பதே இம்முறைக்கு உரைகல்லாகும்.