எதை அளந்து ‘பலன்’ என்றார்கள்?

தொண்ணூறு சதவீதம் எப்படி வருகிறது?

சீனப் பாரம்பரிய மருத்துவம் பற்றிய செய்தியில் ‘நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பலன்’ என்று படித்தால், உடனே மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தொண்ணூறு எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள்.

சீன மருத்துவ இதழ்களில் நெடுங்காலமாக ஒரு கணக்கு புழங்குகிறது. சிகிச்சை முடிந்ததும் நோயாளிகளை நான்காகப் பிரிப்பார்கள்: குணமானவர், நன்கு தேறியவர், ஓரளவு தேறியவர், பலன் இல்லாதவர். முதல் மூன்றையும் கூட்டினால் ‘மொத்தப் பலன் விகிதம்’. பேச்சுக்கு, நூறு பேரில் பத்துப் பேர் குணமாகி, இருபது பேர் நன்கு தேறி, அறுபது பேருக்கு லேசாகத் தணிந்திருந்தாலும் 90 சதவீதம்தான். முதல் வகுப்பில் தேறியவரையும் முப்பத்தைந்து மார்க்கில் தப்பியவரையும் ஒன்றாகக் கூட்டிப் பள்ளிக்கூடம் விளம்பரம் போடுவதைப் போன்றது இது. போதாததற்கு, ‘ஓரளவு’ என்பதன் எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறும். சளியும் முதுகுவலியும் பல நேரம் தானாகவே தணியும். அந்தப் பெருமையும் மருந்துக்கே போய்விடும்.

நோயாளி சொன்னதும் கருவி சொன்னதும்

பாஸ்டன் நகரில் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சிக்கலை அப்பட்டமாகக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் நான்கும் நடந்தன: நிஜ இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், ஊசி தோலுக்குள் இறங்காத போலி அக்குபங்சர், எதுவும் தராமல் உட்காரவைத்தல். ஊதிப் பார்க்கும் கருவியில் நிஜ மருந்துக்கு மட்டும் மூச்சுத்திறன் 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் ஏறத்தாழ 7 சதவீதம். ஆனால் ‘எவ்வளவு தேவலை?’ என்று கேட்டபோது நிஜ மருந்துக்கு 50 சதவீதம், போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46 என்றார்கள். சும்மா இருந்ததற்கு 21.

யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே இதமாக இருந்தது, மூச்சுக்குழாய்தான் விரியவில்லை. ஆஸ்துமாவில் இந்த இடைவெளி உயிருக்கு ஆபத்து. வலிக்கோ நோயாளியின் வாய்ச்சொல்லைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அதனால்தான் வலி ஆய்வுகளில் போலிச் சிகிச்சை பெற்ற ஒரு குழு கட்டாயம் இருக்க வேண்டும்.

நாக்கும் நாடியும்

சீன வைத்தியர் நோயின் பெயரோடு நிற்பதில்லை. நாக்கின் நிறம், படிவு, நாடியின் போக்கு எல்லாம் பார்த்து உடல்நிலையை வகைப்படுத்துவார். ஒரே மூட்டுவலிக்கு இருவருக்கு இருவேறு கஷாயம் தருவார். ஆய்வில் இதை அளப்பது கடினம், ஏனென்றால் ஒரே நாடியை இரண்டு வைத்தியர்கள் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாத ஒருவர், முன்பே எழுதிவைத்த கேள்வித்தாளின்படி மதிப்பிட்டால் சிக்கல் குறையும். ஒரு நோய்க்கு எல்லா ஆய்வுகளும் கட்டாயம் அளக்க வேண்டியவை இன்னின்ன என்று பொதுப் பட்டியல் வகுக்கும் முயற்சியும் நடக்கிறது.

ரத்தப் பரிசோதனையிலிருந்து உயிர் வரை

சரியாக அளக்கவே முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு விடையாக ஒரு மருந்து இருக்கிறது. சிலிச்சியாங்சின் என்பது பதினோரு சரக்குகள் சேர்ந்த கேப்ஸ்யூல். இதயச் செயலிழப்புக்குத் தருகிறார்கள். 2013-இல் வெளியான ஆய்வில் 512 நோயாளிகள். இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதம் 12 வாரத்தில் 30 சதவீதமாவது குறைந்ததா என்பதே கேள்வி. மருந்துக் குழுவில் சுமார் 48 சதவீதம் பேருக்கும், போலி மருந்துக் குழுவில் 32 சதவீதம் பேருக்கும் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் யாரும் லேப் ரிப்போர்ட் நன்றாக வருவதற்காக மாத்திரை விழுங்குவதில்லை.

அதனால் அடுத்த ஆய்வில் கேள்வியையே மாற்றினார்கள். 3,100-க்கும் மேற்பட்டவர்கள், 133 மருத்துவமனைகள், வழக்கமான மருந்துகளை நிறுத்தாமல் கூடவே இது அல்லது போலி மருந்து. எத்தனை பேர் இதயநோயால் இறந்தார்கள், அல்லது இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தார்கள்? 2024-இல் வெளியான விடை: மருந்துக் குழுவில் 25 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 30 சதவீதம். தொண்ணூறுக்கு முன்னால் ஐந்து சதவீத வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். எனக்கு இந்த ஐந்தின் மேல்தான் நம்பிக்கை.

பக்கவிளைவும் ஓர் அளவுதான்

பலனை மட்டும் அளந்து தீங்கை விட்டுவிட்டால் கணக்கு பாதிதான். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சரக்குக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்திருந்தது. பின்னாளில் அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது.

நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் இதே இனம்தான். இவற்றை உள்ளுக்குச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். இந்தப் பாதிப்பு தொடக்கத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே முற்றக்கூடியது.