உள்ளங்காலுக்குத் தெரியும்

கால் கழுவிய ஈரத்தோடு சிமெண்ட் தரையில் ஓர் அடி வைத்து எடுங்கள். பழைய வீட்டுச் சிவப்புத் தரையாக இருந்தால் தடம் இன்னும் துலக்கமாகத் தெரியும். குதிகால் வட்டமாக, விரல்களுக்கு அடியில் அகலமான ஒரு பட்டை, இரண்டையும் சேர்த்து வெளிப்பக்கமாக ஓடும் ஈரக்கோடு. உட்பக்கம் பிறைபோலக் காய்ந்து கிடக்கும் இடத்தில் உங்கள் பாதம் தரையைத் தொடவில்லை. பிறை இல்லாமல் முழுப் பாதமும் அப்படியே பதிந்திருந்தால் அதற்குத் தட்டைப் பாதம் என்று பெயர்.

கர்நாடகத்தின் மணிப்பாலில், கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் இப்படித்தான் பிள்ளைகளின் காலடித் தடங்களைச் சேகரித்தார்கள். 4 முதல் 13 வயது வரை 2300 பிள்ளைகள். ஒரே வட்டாரத்தில் வெறுங்காலோடு திரியும் பிள்ளையும் ஷூ மாட்டிய பிள்ளையும் இருந்தால்தான் இப்படியொரு ஒப்பீடே செய்ய முடியும். அன்றைய நம் ஊர்களில் அது முடிந்தது. 1992இல் முடிவு வெளியானது. காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். காலணியிலும் ஒரு வேறுபாடு இருந்தது: விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து ஜோசப் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, வளர்ந்தவர்களின் தடங்களைப் பார்த்தது. 6 வயதுக்கு முன்பே ஷூ போடத் தொடங்கியவர்களிடம்தான் தட்டைப் பாதம் கூடுதலாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுத் தட்டைப் பாதம் உள்ளவர்கள் கலங்க வேண்டாம். வலி இல்லாத, வளைந்துகொடுக்கிற தட்டைப் பாதம் நோய் அல்ல. நடக்கத் தொடங்கும் குழந்தைகள் எல்லோருக்குமே பாதம் தட்டையாகத்தான் தெரியும். உள்வளைவு மெல்ல மெல்ல எழும்பி வருவது. அது எழும்பும் வயதில் பாதத்தை வேலை செய்ய விடுகிறோமா, பெட்டிக்குள் வைத்து மூடுகிறோமா என்பதுதான் மணிப்பால் ஆய்வு எழுப்பும் கேள்வி. நடக்கும் வயதுகூட வராத பிள்ளைக்கு, வீட்டுக்குள்ளேயே, அழகுக்காக ஷூ மாட்டிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பாதத்துக்கு அப்படி என்ன வேலை? ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதத்துக்கும் சேர்த்து 52 எலும்புகள். உடம்பின் 206 எலும்புகளில் கால்வாசி முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கும் அப்பால் இருக்கிறது. வெறும் முட்டுக் கொடுப்பதற்கு இத்தனை துண்டுகள் எதற்கு? ஒற்றை எலும்பே போதுமே. இத்தனை துண்டுகள் இருப்பது பாதம் வளைவதற்கும், வளைந்தது அடுத்த கணமே இறுகுவதற்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். கையால் கட்டைவிரலை மட்டும் பிடித்து மேலே தூக்குங்கள். விரல் எழும்ப எழும்ப, நீங்கள் தொடாமலேயே உள்வளைவு உயரும். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. விரல் மேல்நோக்கி மடங்கும்போது அந்தப் பட்டை விரல் மூட்டைச் சுற்றி இழுபட்டு, குதிகாலை முன்னால் இழுக்கிறது. உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருவதுபோல வளைவு உயர்கிறது. இந்த நுட்பத்தை 1954இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கி எழுதினார். குதிகால் ஊன்றும்போது பாதம் தளர்ந்து தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிகிறது. விரலை உந்திக் கிளம்பும்போது நெம்புகோல்போல விறைக்கிறது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது.

நார்ப்பட்டைக்குத் துணையாக உள்ளங்காலுக்குள் நான்கு அடுக்குகளாகச் சின்னஞ்சிறு தசைகள் இருக்கின்றன. ஷூவின் நுனி மேல்நோக்கி வளைந்து விரலைத் தானே தூக்கிக்கொடுக்கிறது. உள்ளே இருக்கும் மெத்தை வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. தசைக்கு வேலை இல்லை. கட்டுப்போட்ட கை மெலிவதுபோல அது மெலிகிறது. திரும்பவும் வேலை கொடுத்தால் திரும்பவும் தேறுகிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெல்லிய அடிப்பாகமும் விரல் பரப்ப இடமும் உள்ள காலணியை ஆறு மாதம் அன்றாடம் போட்டு நடக்கச் சொன்னார்கள். தனிப் பயிற்சி எதுவும் இல்லை. பாதத்தின் வலு சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது என்று 2021இல் எழுதினார்கள்.

தசையைவிட எனக்கு வியப்பளிப்பது தோல். எங்கள் தாத்தாவின் பாதம் நன்றாக நினைவிருக்கிறது. விரல்கள் விசிறிபோல விரிந்து, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். உள்ளங்கால் காய்த்துப்போய், கையால் தடவினால் பனைமட்டைபோல இருக்கும். அவ்வளவு தடித்த தோலுக்கு என்ன உறைக்கப் போகிறது என்று நினைத்திருக்கிறேன். ஆனால் வரப்பில் நடந்துகொண்டே, "இங்க ஈரம் இறங்கியிருக்கு" என்று சொல்வார். குனிந்து தொட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

இது எப்படி என்று பின்னாளில் விளங்கியது. ஹார்வர்டின் டேனியல் லீபர்மனும் நிக்கலஸ் ஹோலோவ்காவும் கூட்டாளிகளும் கென்யாவில், வெறுங்காலோடு நடப்பவர்களையும் காலணி அணிபவர்களையும் ஒப்பிட்டார்கள். வெறுங்காலர்களின் காய்ப்பு தடிமனாக இருந்தது. உணர்ச்சி மட்டும் குறைந்திருக்கவில்லை. காய்த்த தோல் விறைப்பானது. தரையின் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளாமல் அடியில் இருக்கும் உணர்முனைகளுக்கு அப்படியே கடத்திவிடுகிறது. ஷூவின் மெத்தை அந்தச் செய்தியை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. 2019இல் இந்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தபோது நான் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செய்தி எதற்கு? நிற்பதற்கு. உள்ளங்காலில் அழுத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று தெரிந்தால்தான் மூளை உடம்பைச் சாயாமல் பிடித்து வைக்க முடியும். வயதானவர்கள் தடுக்கி விழுவதில் உள்ளங்கால் மரத்துப்போவதற்கும் பங்கு உண்டு. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதை போடுகிறார்களே, அதில் நடந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் தூண்டப்படும் என்று பலகை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் பாதை வீண் அல்ல. அமெரிக்காவின் ஓரிகனில் 60 வயது தாண்டிய 108 பேரை வைத்து 16 வாரம் சோதித்தார்கள். கூழாங்கல் விரிப்பில் நடந்தவர்களுக்குச் சமநிலையும் இரத்த அழுத்தமும் சாதாரணமாக நடந்தவர்களைவிட நன்றாக மேம்பட்டன.

வெறுங்கால் என்றதும் அபேபே பிக்கிலாவைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியக் காவலரான அவர் மாரத்தானை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் ஓடி வென்றார். அதே பிக்கிலா 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, அதைவிடக் குறைந்த நேரத்தில் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏனென்றால் செருப்பில்லாத காலுக்கு நம் மண்ணில் ஒரு நீண்ட துயரக் கணக்கு இருக்கிறது. 1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், பாதம் வீங்கி உருக்குலைந்துபோகும் நோயைப் பதிவு செய்தார். இன்றும் உலக மருத்துவ நூல்களில் அதற்கு 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைக் கால், என்றே பெயர். கருவேல முள் குத்திய சிறு துளை வழியாக மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போகும். வலிக்காது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வீங்கி, புரை வைத்து, குறுணைபோலச் சீழ் வடிந்து, கடைசியில் எலும்பை அரிக்கும். உழவரும் ஆடு மேய்ப்பவரும்தான் இதற்குக் காலைக் கொடுத்தவர்கள். கொக்கிப்புழுவும் அப்படித்தான். மலம் கலந்த ஈர மண்ணில் காத்திருக்கும் அதன் இளம்புழு உள்ளங்கால் தோலைத் துளைத்து இரத்தத்தில் ஏறி, நுரையீரல் போய், தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்கி, அங்கே இரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகை பிடிக்க வைக்கும்.

செருப்பு வாங்க முடியாமல் நடந்த கால்கள் அவை. செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்று சாதியின் பேரால் தடுக்கப்பட்டு, தெரு முனையில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் கால்களும்தான். அதனால் வெறுங்காலைப் புகழ்ந்து எழுதும்போது, விரும்பிக் கழற்றுவதை மட்டுமே புகழ்கிறேன்.

விரும்பிக் கழற்றுபவர்கள் அவசரப்பட வேண்டாம். முப்பது ஆண்டு ஷூவுக்குள் இருந்த பாதத்தை ஒரே நாளில் தார்ச்சாலையில் ஓட விட்டால் பாத எலும்பில் மயிரிழை விரிசல் விழக்கூடும். வீட்டுக்குள் தொடங்கி, பிறகு மொட்டை மாடி, பிறகு புல்தரை அல்லது கடற்கரை ஈரமணல் என்று போகலாம். முதலில் பத்து நிமிடம் போதும். மறுநாள் காலை வலி இல்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம். டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும். தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், இருட்டில் வேண்டாம். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் வேண்டாம்; அங்கே வெள்ளையடித்த பட்டையிலோ தேங்காய் நார் விரிப்பிலோ நடப்பதுதான் சரி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகால் குத்துகிறவர்களுக்கு, வலி அடங்கும்வரை டைல்ஸ் தரையில் மெத்தென்ற செருப்பு வேண்டும்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் எங்கேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும்கூட. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் விரல்கள் ஏன் போகின்றன என்று ஆராய்ந்தார். கிருமி நேராக விரலைத் தின்பதில்லை. வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்து நடந்து விரலை இழக்கிறார்கள் என்று கண்டார். அவர்களுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புதான், இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரப்படுகிறது.

கால் மரத்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு என் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழை. அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். "கண்ண மூடிக்குங்கம்மா, தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் டாக்டர். கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, நடுப்பாதம், குதிகால். ஒவ்வோர் இடத்திலும் இழை வளைந்து நிமிர்ந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?"

இப்போது எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு கிடக்கிறது. இரவு படுக்கும் முன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்க்கிறார்.