தீவன மூட்டைக்குள் பெராக்சைடு

நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றை அரைத்துக் கலக்கும் தீவனம், கோடை வெப்பத்தில் நாள்பட மூட்டையில் கிடந்தால் சிக்கு வாடை வீசுவதற்குக் காரணம், அதிலுள்ள கொழுப்பு காற்றின் ஆக்சிஜனை ஏற்றுக் கரிம பெராக்சைடாக மாறி, பின்பு சிதைவதுதான்.

கார்பன் சேர்மம் ஒன்றில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பிணைந்திருந்தால் அது கரிம பெராக்சைடு எனப்படும். இரு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் தேவைப்பட, இந்த ஆக்சிஜன் பிணைப்புக்கு அதில் ஏறக்குறைய பாதியே போதும். பெராக்சைடுகளின் நிலையாமை முழுவதும் இந்த ஒரு பலவீனத்திலிருந்தே பிறக்கிறது.

மக்காச்சோளக் கொழுப்பில் மிகுந்துள்ள லினோலெயிக் அமிலம் 18 கார்பன் கொண்ட சங்கிலியாகும். அதன் 9ஆம், 12ஆம் கார்பன்களில் தொடங்கும் இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே சிக்கிய 11ஆம் கார்பனின் ஹைட்ரஜன் எளிதில் பிடுங்கப்படுகிறது. இணையில்லாத எலக்ட்ரானுடன் எஞ்சும் துண்டு, அதாவது தனி உறுப்பு, ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, அண்டை மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரோபெராக்சைடாகிறது. பறிகொடுத்த அண்டை மூலக்கூறோ அடுத்த தனி உறுப்பாகி வினையைச் சங்கிலிபோல் தொடர்கிறது. கருவாட்டுத் தூளின் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புகள் கூடுதல் என்பதால் அது இன்னும் விரைந்து கெடும்.

ஹைட்ரோபெராக்சைடுக்கு வாடை இல்லை. தீவனத்தில் சேரும் தாது உப்புகளின் இரும்பும் செம்பும் அதன் பலவீனப் பிணைப்பை முறிக்கும்போது பிறக்கும் ஹெக்சேனல் போன்ற ஆல்டிஹைடுகளே மூக்கை எட்டுகின்றன.

ஆய்வகத்தில் பொட்டாசியம் அயோடைடிலிருந்து பெராக்சைடு விடுவிக்கும் அயோடினை அளந்து, கொழுப்பின் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிசமானம் எனப் பெராக்சைடு எண் கணிக்கப்படுகிறது. ஆனால் இந்த எண் ஏறி உச்சம் தொட்டு, பெராக்சைடு சிதையச் சிதைய இறங்கும் இயல்புடையது. ஆகவே குறைந்த எண் புதிய தீவனத்துக்கும் உரியது, முற்றிலும் கெட்ட தீவனத்துக்கும் உரியது. ஆல்டிஹைடை அளக்கும் சோதனையும் உடன் இல்லாமல் அந்த எண்ணை நம்புவது குஞ்சுகளுக்கே கேடாய் முடியும்.

தன் ஹைட்ரஜனைத் தந்து இந்தச் சங்கிலி வினையை நிறுத்தும் வைட்டமின் ஈ, கெட்ட கொழுப்பில் தீர்ந்துபோவதால், கெட்ட தீவனத்தை மட்டும் உண்ணும் இளங்குஞ்சுகளின் சிறுமூளை மென்மையாகி, அவை தள்ளாடித் தலையைப் பின்னுக்கு வளைத்து விழுகின்றன. பி.எச்.டி. (BHT) போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் சங்கிலி வினை நீள்வதைத் தாமதப்படுத்துமே தவிர, ஏற்கெனவே சிக்கெடுத்த தீவனத்தை மீட்டுத் தருவதில்லை.