குமாலோ: ஒரு குடிப்பெயரின் நெடும்பயணம்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் குமாலோ என்ற குடிப்பெயர் கொண்டவரை மரியாதையோடு 'ம்ந்துங்வா' என்று அழைப்பார்கள். ஒவ்வொரு சுலு குடிக்கும் 'இஸிதகஸேலோ' எனப்படும் இத்தகைய புகழ்ப்பெயர்கள் உண்டு. முன்னோர்களின் பெயர்கள் அவற்றில் வரிசையாக வரும். வணக்கம் சொல்லும்போதும், நன்றி கூறும்போதும், குடும்பச் சடங்குகளிலும் அவை ஒலிக்கும்.

அந்த வரிசையில் நிற்கும் பெரும்பெயர் ம்ஸிலிகாஸி. குமாலோ தலைவரான அவருடைய தந்தை மஷோபானேவை ந்த்வாந்த்வே அரசன் ஸ்விடே கொன்றபின், ம்ஸிலிகாஸி சுலு அரசன் ஷாகாவிடம் சேர்ந்தார். படையெடுப்பில் கவர்ந்த மாடுகளை ஷாகாவிடம் ஒப்படைக்க மறுத்து, 1820களில் தம் மக்களோடு வெளியேறினார். பின்னர் இன்றைய ஜிம்பாப்வேயில் ந்தெபெலே அரசை நிலைநாட்டி, 1868இல் மறைந்தார். மகன் லோபெங்குலாவின் ஆட்சி 1893இல் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் படைகளிடம் வீழ்ந்தது.

அரசு போனது, குடிப்பெயர் இரு நாடுகளிலும் நிலைத்தது.

ஒரே குடிப்பெயர் கொண்டவர்கள் உறவினர்களாகவே கருதப்படுவதால், மரபுப்படி தமக்குள் மணம் செய்வதில்லை. வேறு குடியில் வாழ்க்கைப்பட்ட குமாலோ பெண்ணைப் புகுந்த வீட்டார் 'மாகுமாலோ' என்றே அழைக்கிறார்கள். பிறந்த குடியின் பெயர் திருமணத்துக்குப் பின்னும் அவளுக்கு உரியது. 1996இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியின் டாக்டர் குமாலோ, இப்பெயரை விளையாட்டு ரசிகர்களிடமும் கொண்டுசேர்த்தார்.