கடலோர நகரில் வாழ்தல்

வெப்ப மண்டலத்தின் பெருநகரங்கள் பல கடற்கரையிலேயே எழுந்தன. மும்பை, கொழும்பு, சிங்கப்பூர், மணிலா என்று அவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். கப்பலும் வாணிகமும் அவற்றைத் தோற்றுவித்தன. ஆனால் அங்கு வாழும் மக்களின் அன்றாட வாழ்க்கையை வகுப்பவை கதிரவனும் கடலும் ஆகும். உண்பது, உடுப்பது, வீடு கட்டுவது, உறங்குவது, நீர் அருந்துவது ஆகிய ஒவ்வொன்றிலும் இவ்விரண்டின் கையும் இருக்கிறது. நாம் நன்கறிந்த சென்னை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்தக் கை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் அமைந்துள்ளது. ஆதலின் கதிரவன் ஆண்டில் இருமுறை அதன் நேர் உச்சியில் வந்து நிற்கிறான். குளிர்காலம் என்று சொல்லத்தக்க காலம் இங்கில்லை. ஜனவரியிலும் பகல் வெப்பம் 29 அல்லது 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மே மாதத்தில் சராசரியாக 37, 38 பாகையைத் தொடும். 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அது 45 பாகைக்கே ஏறிற்று. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வு நிலையம் ஏற்பட்டபின், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலேயே இந்நகரின் வானிலையைக் குறித்து வைக்கும் பழக்கம் தொடங்கிவிட்டது. ஆகவே சென்னையின் வெயிலைப்பற்றி நாம் வெறும் நினைவைக்கொண்டு பேச வேண்டியதில்லை. எழுதிவைத்த கணக்கே இருக்கிறது.

இத்தகைய வெயிலில் மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? கடற்காற்று என்பதே முதல் விடை. ஒரே அளவு வெப்பத்தைப் பெற்றாலும் மணல் விரைவில் சுடுகிறது. நீர் அவ்வாறு சுடுவதில்லை. ஒரு பாகை வெப்பம் ஏறுவதற்கு, அதே எடையுள்ள மணலைவிட நீருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். மேலும், கதிரவன் ஒளி நீரினுள் ஆழமாக ஊடுருவுகிறது. அலைகள் மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கின்றன. ஆகவே முற்பகலில் நிலம் சூடேறி, அதன்மேலுள்ள காற்று இலேசாகி எழும்போது, அவ்விடத்தை நிரப்பக் கடலின்மேலுள்ள குளிர்ந்த காற்று விரைந்து வருகிறது. நண்பகலை ஒட்டி அது கரையேறியவுடன் வெப்பமானி சில பாகைகள் இறங்குகிறது. நகரமே மூச்சு விடுகிறது.

இக்காற்று நாள் தவறாமல் வரும் விருந்தினன் அன்று. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுவாக வீசும். அது கடற்காற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. கடற்காற்று பிற்பகல் மூன்று, நான்கு மணிவரை தாமதமாகும். சில நாட்களில் வராமலே போய்விடும். அத்தகைய நாட்களே சென்னையில் மிகக் கடுமையானவை. காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர் நம் முன்னோர்: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கோடை என்ற சொல் வெயிற்காலத்திற்கும், கொண்டல் என்ற சொல் மழைமேகத்திற்கும் பெயராக இருப்பதைக் கவனித்தால், இச்சொற்களிலே ஒரு வானிலை நூலே அடங்கியிருப்பது விளங்கும்.

கடற்காற்று குளிர்ச்சியைக் கொண்டுவருகிறது; அத்துடன் ஈரத்தையும் கொண்டுவருகிறது. இங்கே ஒரு புதிர் உண்டு. வேலூரில் 40 பாகை வெப்பத்தைத் தாங்கிக்கொண்டவர், சென்னையில் 35 பாகைக்கே சோர்ந்துபோவதைக் காண்கிறோம். காரணம் எளியது. நமது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையினால். வியர்வை வெளிவந்தால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிந்தோடும். நீரும் போய், குளிர்ச்சியும் கிட்டாத நிலை அது.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவே இந்நிலையை நன்கு புலப்படுத்தும். அந்த ஈரக்குமிழ் அளவு 35 பாகையை எட்டினால், நலமுள்ள மனிதனும் நிழலில் அமர்ந்திருந்தபடியே சில மணி நேரத்திற்குமேல் உயிர்தாங்குவது அரிது. உலகம் வெப்பமாகி வரும் இந்நாளில் வெப்ப மண்டலக் கடலோர நகரங்களுக்கு உள்ள பெரிய கவலைகளுள் இதுவும் ஒன்று. குளிர்சாதன அறையில் பணிபுரிவோர் இதனை எளிதில் உணரமாட்டார். கட்டடத்தில் சாந்து சுமப்பவர், தெருவில் வண்டி தள்ளுபவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் ஆகியோருக்குப் பகலில் ஒரு மணி நேர ஓய்வும், நிழலும், குடிநீரும் உயிர்காக்கும் பொருள்களாகும்.

பழைய நாளில் வீடுகளே இவ்வுதவியைச் செய்தன. தாழ்வாரமும், திண்ணையும், நடுவே திறந்த முற்றமும் காற்றை வழிநடத்தின. தடித்த சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சும் வெயிலை வெளியே நிறுத்தின. மரவிட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பாவி அமைத்த சென்னை மச்சு, வீட்டைக் குளுமையாக வைப்பதில் பேர்பெற்றது. இன்று எழும் காங்கிரீட் மாடிகள் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அதனை உள்ளே விடுகின்றன. மரங்களும் குளங்களும் குறைந்த இடத்தில் இரவின் புழுக்கம் மிகுவதற்கு இது முக்கிய காரணமாகும்.

ஈரத்தோடு கலந்து வருவது உப்பு. அலை உடையும்போது எழும் நுண்திவலைகள் காற்றில் மிதந்து சன்னற்கம்பியிலும், மிதிவண்டியிலும், மின்கம்பத்திலும் படிகின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பின்மேல் மெல்லிய நீர்ப்படலத்தை ஏற்படுத்துகிறது; துரு விரைந்து பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையது. எனவேதான் கடலோர வீடுகளில் காங்கிரீட்டின் உள்ளேயுள்ள கம்பி துருவேறியதும் கூரை வெடித்துக் காரை உதிர்கிறது.

இனி மழையைப் பற்றிக் கூறுவோம். தென்மேற்குப் பருவக்காற்று தனது நீரின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. அக்டோபரில் காற்று திசை மாறி வங்கக் கடலைக் கடந்து வரும்போதுதான் சென்னைக்கு உண்மையான மழைக்காலம் பிறக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். மழைக்குப் பெயர்போன இலண்டன் நகரம் பெறுவதைப்போல் இது இருமடங்கிற்கும் மேலாகும்! ஆனால் இலண்டனில் அது ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவி விழுகிறது. சென்னையிலோ பாதிக்கு மேற்பட்ட மழை மூன்று மாதங்களுக்குள், அதிலும் சில நாட்களில், புயல்களையும் காற்றழுத்தத் தாழ்வு நிலைகளையும் தொடர்ந்து கொட்டித் தீர்த்துவிடுகிறது.

ஆகவே இந்நகரில் வாழ்வதன் அடிப்படைக் கேள்வி, அச்சில நாட்களின் நீரை எங்கே வைப்பது என்பதாகும். இக்கேள்விக்கு முன்னோர் அளித்த விடை ஏரி. சமதரையான நிலத்தில் கரை எழுப்பி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு நீர் செல்லுமாறு அமைத்தனர். அவ்வேரிகளுள் பல இன்று தெருக்களின் பெயர்களில் மட்டுமே வாழ்கின்றன. மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்த இடத்திலேதான் 1920களில் தியாகராய நகர் அமைந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பெருமளவு சுருங்கியபின், எஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் உடன்பாட்டின்கீழ்ச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

நீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளை ஒட்டி, தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டது, வீடுகளின் முதல் மாடிவரை வெள்ளம் ஏறிற்று, பலர் உயிரிழந்தனர். நான்கே ஆண்டுகளுக்குப் பின், 2019 கோடையில், நகருக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் அனேகமாக வறண்டுவிட்டன. ஜூலையில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சோலையார்பேட்டையிலிருந்து இரயில்வண்டியில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளத்தில் மிதந்த நகரமும், குடத்தோடு காத்து நின்ற நகரமும் ஒன்றே. இவ்விரண்டையும் இருவேறு துன்பங்களாகக் கருதுவது பிழை. நீர் தங்குவதற்கு இடமில்லாமை என்ற ஒரே நோய், மழைக்காலத்தில் வெள்ளமாகவும் வேனிற்காலத்தில் வறட்சியாகவும் வெளிப்படுகிறது.

கடலோரத்தில் நிலத்தடி நீருக்குத் தனி இயல்பு உண்டு. மழைநீர் மணலினூடே இறங்கி, உள்ளே பரவியிருக்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்றே இலேசானது. அச்சிறு வேறுபாட்டின் காரணமாக, கடல் மட்டத்திற்குமேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர்வரை நன்னீர் நிற்கும். இதனை மறுபுறமாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், நாளடைவில் கீழிருந்து உப்புநீர் நாற்பது மீட்டர் மேலேறக்கூடும். அளவின்றி நீரை இறைத்தமையால் வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010ஆம் ஆண்டிலும் நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும் அமைந்தன. அவை பேருதவி செய்கின்றன. ஆயினும் அந்நீரை உண்டாக்க மின்சாரமும் பொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. வானம் இலவசமாகத் தரும் நீரைச் சாக்கடையில் விட்டுவிட்டுக் கடல்நீரை விலைகொடுத்துக் காய்ச்சுவது போன்றது நமது நிலை.

கரையும் நிலையாக நிற்பதன்று. அலைகள் சற்றுச் சாய்வாக வந்து மோதுவதால், மணல் ஆண்டுதோறும் பெருமளவில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் இந்த மணலோட்டத்தைத் தடுத்து நிறுத்தின. அதன் பயனாகத் தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் கிடைக்காமல் இராயபுரம் முதல் திருவொற்றியூர்வரை கரை அரிக்கப்பட்டது. மாலையில் நாம் உலாவி மகிழும் மணற்பரப்பும், வடசென்னை மீனவர் இழந்த வீட்டுநிலமும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள். நகரில் ஒரு பகுதியினர் பெறும் நன்மைக்கு மற்றொரு பகுதியினர் விலை கொடுக்கின்றனர் என்பதை இவ்வெடுத்துக்காட்டு நன்கு உணர்த்துகிறது.

அம்மீனவர்களே இந்நகரின் பழங்குடிகள். கோட்டை எழுவதற்கு முன்பே அவர்களுடைய குப்பங்கள் இங்கிருந்தன. அவர்களது கட்டுமரம் என்ற சொல் உலக மொழிகள் பலவற்றில் ஏறிவிட்டது. நமக்குக் கடல் காட்சிப்பொருள்; அவர்களுக்கு அது வயல். மீன்கள் இனம் பெருகுவதற்காக, ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது முதலில் அடிபட்டவர்களும் அவர்களே. காற்றின் போக்கையும் நீரின் நிறத்தையும் கண்டு வானிலை உணரும் அவர்களது அறிவு, பள்ளியில் கற்பிக்கப்படாத ஒரு கல்வி.

இறுதியாக, மாணவர்கள் போட்டுப் பார்க்க ஓர் எளிய கணக்கு. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஓராண்டு விழும் 140 சென்டிமீட்டர் மழை, 1,40,000 லிட்டர் நீராகும். ஒருவருக்கு நாளொன்றிற்கு 135 லிட்டர் எனக் கொண்டால், நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அது எட்டு மாதத்திற்கு மேல் காணும். அடுக்குமாடிக் கட்டடத்தில் பங்கு குறையும். சிறிது நீர் சேதமாகும். எனினும் எஞ்சுவது சிறிதன்று. 2003இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் குழாயைப் பதிக்கச் செய்யும். அதில் அடைத்த மண்ணை ஆண்டுதோறும் நீக்க வேண்டியவர் வீட்டிலிருப்பவரே. ஐப்பசி பிறப்பதற்குமுன் உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் அக்குழாய் எங்கே செல்கிறது, அந்தக் குழி திறந்திருக்கிறதா என்று சென்று பாருங்கள். கிணறு இருந்தால் அதன் நீர்மட்டத்தை மாதந்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டு முடிவில், நீங்கள் வாழும் நகரத்தைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லாத செய்தியை அந்தக் குறிப்பேடு உங்களுக்குச் சொல்லும்.