மயிலுக்கு ஒரு மேப்

அலாரம் வைக்காமலே ஹாஸ்டல்ல விடியக்காலையில முழிச்சிருக்கீங்களா? உபயம் மயில். நம்ம பக்கத்துக் குன்றக்குடி மலைக்கே மயூரகிரினு ஒரு பேர் உண்டு. அதனால மயில் எப்பவும் எல்லா ஊர்லயும் இருந்ததுதானேனு நினைச்சிருப்பீங்க.

கேரளாவைப் பாருங்க. 1933-ல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைகளைக் கணக்கெடுத்தபோது மயிலே தட்டுப்படவில்லை. இன்னைக்கு அங்கே வயல்வெளியில சாதாரணமா மேயுது. வறண்ட நிலத்துப் பறவைக்கு அந்த ஈர ஊர்ல என்ன வேலை? 2020-ல் கேரள ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணிப்பு, பருவநிலை மாற மாற மயிலுக்கு ஏற்ற பரப்பு அங்கே இன்னும் கூடும் என்கிறது. அமெரிக்காவில் திரும்பப் பெருகி வரும் கருங்கரடி அடுத்து எங்கே போகும்னு மேப் போடுறதும் இந்த மாதிரி வேலைதான்.

அவங்க பயன்படுத்தினது மேக்ஸென்ட், அதாவது மேக்ஸிமம் என்ட்ரோபி. மெஷின் லேர்னிங் பேப்பர்ல நம்மளப் படுத்தின அதே என்ட்ரோபி! சாதாரண கிளாசிஃபையருக்கு 'இருக்கு', 'இல்லை'னு ரெண்டு லேபிளும் வேணும். ஆனா 'இல்லை'னு எப்படி அடிச்சுச் சொல்வீங்க? நீங்க போன நேரத்துல மயில் புதருக்குள்ள இருந்திருக்கலாம். அதனால பார்த்த இடங்களை மட்டும் எடுத்துக்கணும். அங்கே மழை, வெப்பம் சராசரியா எவ்வளவோ, அதோட கணிப்பு ஒத்துப்போகணும். மத்தபடி தெரியாததைக் கற்பனை பண்ணாம, வாய்ப்பை முடிஞ்சவரை சமமாப் பரப்பிடணும். அவ்வளவுதான் ஐடியா.

வர்ற மேப் சொல்றது 'இங்கே வாழ முடியும்'னுதான், 'வரும்'னு இல்ல. கண்மாய்க் கரையில சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கா, முட்டையைத் தின்ன நரி இருக்கா? நாம கொடுத்தாத்தான் மாடலுக்குத் தெரியும்.

பெரிய ஓட்டை டேட்டாவில். பறவை பார்க்கிறவங்க இ-பேர்டுல போடுற பதிவுகள் பெரும்பாலும் அவங்க போய்வர்ற ரோட்டோரம்தான். கல்லல் பக்கம் எங்க ஐயாவோட கடலைக் கொல்லைக்கு யார் போறா? விதைச்ச மறுநாளே மயில் கிளறிடுது. 1963-லிருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. கை வெச்சா கேஸ். தகர டப்பாவைத் தட்டுறதுதான் ஐயாவுக்கு இருக்கிற ஒரே வழி. மேப்புக்கு அந்தக் கொல்லை வெறும் காலியிடம்.

போன ஆடியில ஊருக்குப் போனப்ப ஏழு மயிலை எண்ணிப் பதிவு போட்டேன்.

"இதப் போட்டா மயிலு போயிருமா?"

"போகாது ஐயா. எங்க வரும்னு தெரியும்."

"அது எனக்கே தெரியுமே"னு டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்.